ஏரிக்கரையில் தொடங்கிய உலகம்
(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



கவிஞர் கூடிய அவையில் கணினி விளையாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிலர் புன்னகைப்பது தெரிகிறது. பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று நாம் ஒதுக்கிய அத்துறை இன்று கதையுலகங்களைப் படைக்கும் பெருந்தொழில். ஒரு விளையாட்டு எவ்வாறு தொடராகவும் படமாகவும் விரிகிறது என்று பார்த்தால், நம் காவிரிக்கரை நாவல் ஒன்றின் வளர்ச்சி இன்னும் துலக்கமாகப் புலப்படும்.

வேடமேற்று ஆடும் விளையாட்டு என்று ஒருவகை உண்டு. ஆடுபவர் ஒரு வழிப்போக்கனாக மாறி, முன்பின் அறியாத நாட்டுக்குள் நுழைகிறார். ஊர் ஊராக நடந்து, எதிர்ப்படுவோரிடம் பேசி, கதையைத் தாமே கண்டறிகிறார். ஜப்பானில் 1996 பிப்ரவரியில் வெளியான ‘போக்கிமான்’ அவ்வகையைச் சேர்ந்தது. அவ்வாண்டு அக்டோபரில் அது சீட்டாட்டமாயிற்று. 1997 ஏப்ரலில் தொலைக்காட்சித் தொடராயிற்று. 1998-ல் திரைக்கு வந்தது. அதனை உருவாக்கிய சதோஷி தஜிரி டோக்கியோவின் புறத்தே மச்சிதா என்னும் ஊரில் பூச்சி பிடித்து வளர்ந்தவர். அவ்வூர் வயல்களையும் குளங்களையும் நகரம் விழுங்கிற்று. தாம் மீன்பிடித்த குளம் தூர்க்கப்பட்டு விளையாட்டுக்கூடம் ஆனதை அவரே சொல்லியிருக்கிறார். இழந்த வயல்வெளியைக் கையடக்கக் கருவிக்குள் வைத்து அடுத்த தலைமுறைக்கு அளித்தவர் அவர்.

நமக்கும் ஒருவர் இருந்தார். மாயவரத்துக்கு அருகே புத்தமங்கலத்தில் 1899-ல் பிறந்த கல்கி. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. நாவலின் பெயருக்குரிய அருள்மொழியோ வெகு தொலைவு கடந்து இலங்கையில்தான் வந்தியத்தேவனைச் சந்திக்கிறான். கதையை நடத்துபவன், ஓலை சுமந்து வந்த வெளியூர் இளைஞன். ஆடிப்பெருக்கன்று வீராணம் ஏரிக்கரையில் குதிரையில் வரும் அவனுக்குச் சோழநாடு புதிது, வாசகனுக்கும் புதிது. கடம்பூர், குடந்தை, தஞ்சை, பழையாறை, கோடிக்கரை என்று அவன் போகுமிடமெல்லாம் நாமும் போகிறோம். வேடமேற்று ஆடும் விளையாட்டின் இலக்கணம் இதுவன்றி வேறென்ன? இத்தனைக்கும் வரலாற்றில் வந்தியத்தேவனுக்கு மிஞ்சியது மிகச் சிறிது. பெரியகோயில் கல்வெட்டு குந்தவையாரை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்று குறிக்கிறது. அந்தச் சிறு குறிப்பிலிருந்து எழுந்தவன் அவன்.

இவ்வுலகம் பிற கலைகளுக்குள் விரிந்த கதை நீண்டது. ஓவியர் மணியம் வாரந்தோறும் முகங்கள் தந்தார். எம்.ஜி.ஆர். 1958-ல் படமாக்க முனைந்தார், கைகூடவில்லை. 1999-ல் மேஜிக் லாண்டர்ன் குழு மேடையேற்றியது. அந்நாடகத்தை எழுதிய குமரவேலே பின்னர் மணிரத்னம், ஜெயமோகன் ஆகியோருடன் திரைக்கதையில் பங்கு கொண்டார். படம் 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் இரு பாகங்களாக வந்தது. பாடல்கள் எழுதியவர்களுள் கவிஞர் இளங்கோ கிருஷ்ணன் இருந்தது நம்மனையோர்க்கு மகிழ்ச்சி. சித்திரக்கதை, ஒலிநூல் என்று இன்னும் பல. இவற்றைவிடப் பெரிய விரிவு ஒன்றை யாரும் கணக்கில் கொள்வதில்லை: நம் வீடுகளில் வானதிகளும் அருள்மொழிகளும் பிறந்துகொண்டே இருக்கிறார்கள்.

போக்கிமானைக் காக்க 1998-லேயே தனி நிறுவனம் எழுந்தது. அவர்கள் ஒப்புதலின்றி ஒரு பொம்மைகூட வெளிவராது. கல்கியின் எழுத்தோ நாட்டுடைமை. யாரும் எடுக்கலாம், யாரும் மாற்றலாம். இது நல்லதென்றே கருதுகிறேன். ஆனால் உரிமையாளன் இல்லாத உலகுக்குக் காவல் யார்? படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தாய்லாந்திலும் ஐதராபாத்திலும் மத்தியப் பிரதேசத்து ஓர்ச்சாவிலும் படமாக்கினார்கள். குறை சொல்வதற்கில்லை, சோழர் மாளிகை ஒன்றுகூட இன்று நிற்கவில்லை. கங்கைகொண்டசோழபுரத்து மாளிகைமேட்டில் செங்கல் அடித்தளமே மிச்சம். ஆயினும் ஓர்ச்சா அரண்மனைகள் சோழர்க்குப் பல நூற்றாண்டு பிந்திய பந்தேல மன்னர் கட்டியவை. அவற்றைப் பார்த்து வளரும் பிள்ளைக்குப் பழையாறை எப்படித் தோன்றும்? நாளை இதை விளையாட்டாகச் செய்பவர் அப்படத்தைப் பார்த்து வரைவார்; அதற்கடுத்தவர் அவ்விளையாட்டைப் பார்த்து வரைவார். பிரதிக்குப் பிரதி எடுக்க எடுக்க மண் மறைந்துபோகும்.

மண்ணுக்குத் திரும்பினால் கிடைப்பது என்ன என்பதற்கு ஒரு சான்று. வந்தியத்தேவன் பயணம் தொடங்கும் வீராணத்தின் கரையில்தான் காட்டுமன்னார்கோயில் இருக்கிறது. அங்கே உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டொன்று உண்டு. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளாக ரவிதாசன், சோமன், பரமேசுவரன் ஆகியோரைச் சொல்லி, அவர்தம் உறவினரின் உடைமைகள் பற்றிய ஆணையைத் தருகிறது. கதை தொடங்கும் ஏரியும் கொலைக்கான சாசனமும் ஒரே ஊரில்! கொன்ற கை எது என்பதைக் கல்கி புதிராகவே விட்டார். படம் எடுப்பவர் ஏதேனும் ஒரு விடையைத் தெரிந்தாக வேண்டும். விளையாட்டோ ஆடுபவரை அக்கல்வெட்டின் முன் நிறுத்தி அவரிடமே விட்டுவிடலாம்.

ஏரியையும் இன்றைய ஏரியாகக் காட்டலாம். வீராணத்து நீர் 2004 முதல் சென்னைக்குக் குழாயில் போகிறது. 2024-ல் மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறக்கப்படவில்லை. ஜூலை 28-ல், ஆடிப்பெருக்குக்குச் சில நாள் முன்னர்தான் திறந்தார்கள். பெருக்கில்லாத பதினெட்டில் வந்தியத்தேவன் வந்திருந்தால் என்ன கண்டிருப்பான்?

இனி நம் வேலைக்கு வருகிறேன். இத்தகைய விளையாட்டில் படைத்தலைவர்களைக் காட்டிலும் வழியில் நிற்பவர்களே மிகுதி. ஓடக்காரன், நடவு நடுபவள், சத்திரத்துக் கிழவர், ஒவ்வொருவரும் ஓரிரு வரி பேசியாக வேண்டும். திரைப்படத்தில் அவர்களுக்கு நேரமில்லை, நாவலிலேயே குறைவு. அவ்வரிகளை யார் எழுதுவது? சென்னையிலோ பெங்களூரிலோ அமர்ந்திருக்கும் பொறியாளர் எழுதினால் வெண்ணாற்றங்கரைப் பேச்சு வராது.

பெயர்கள்கூட நாம் புனைய வேண்டியதில்லை. பெரியகோயில் கல்வெட்டில், இராசராசன் திருவாரூர், திருவையாறு, பழையாறு முதலிய தலங்களிலிருந்து வருவித்த நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியல் இருக்கிறது. பெயர், வந்த கோயில், எந்தத் தளிச்சேரி, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எல்லாம் உண்டு. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்பதும் உண்டு. ஊரைவிட்டுத் தஞ்சைக்கு வந்த அன்று அவர்கள் என்ன பேசினார்கள் என்பது மட்டும் இல்லை. வட்டத்தின் வரும் ஆண்டு மாதக்கூட்டங்களில் உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு எழுதிவர வேண்டுமெனச் செயலாளரிடம் கேட்டிருக்கிறேன். தெற்குத் தளிச்சேரியின் தென்சிறகு முதல் வீட்டை எனக்கு ஒதுக்கித் தருமாறும் வேண்டியிருக்கிறேன்.