விடைபெறும் முறை



வேலையில் சேருவதற்கு வழி சொல்வோர் பலர். விண்ணப்பம் எழுதவும், நேர்முகத் தேர்வில் பதில் கூறவும் நமக்குக் கற்றுக் கொடுக்கிறார்கள். வேலையினின்று விலகும் முறையைச் சொல்லித் தருவோர் அரியர். பிறந்த ஊரை விட்டு மும்பையிலும் டில்லியிலும் பெங்களூரிலும் உழைத்து வாழும் நம்மவர்க்கு இது மிகவும் வேண்டிய பாடம்.

எனக்குத் தெரிந்த நண்பர் ஒருவர் புனேயில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் ஏழு ஆண்டுகள் பணியாற்றினார். ஒரு நாள் மாலை, தாயார் படுத்த படுக்கையாகிவிட்டார் என்று திருநெல்வேலியிலிருந்து தொலைபேசியில் செய்தி வந்தது. அன்றிரவே ரயில் ஏறினார். தாயார் பிழைத்துக்கொண்டார்; ஆயினும் அருகிலிருந்து கவனிக்க ஆள் வேண்டியிருந்தது. மகன் ஊரிலேயே தங்கிவிட்டார். ‘இனி வருவதற்கில்லை’ என்று மேலாளரிடம் தொலைபேசியில் சொன்னதோடு சரி. ஒரு வரியும் எழுதி அனுப்பவில்லை.

ஓராண்டு கழித்து மதுரையில் ஒரு நல்ல வேலை கைகூடி வந்தது. பழைய இடத்திலிருந்து விடுவிப்புக் கடிதம் கொண்டுவரச் சொன்னார்கள். புனே அலுவலகத்தின் ஏட்டிலோ, ‘அனுமதியின்றி வராதவர்’ என்று எழுதியிருந்தது. நண்பர் அங்கே சென்று, முன்னறிவிப்புக்கு ஈடாக ஒரு மாத ஊதியத்தைக் கட்டி, கடிதம் பெற்றுத் திரும்புவதற்குள் மதுரை வேலை வேறொருவருக்குப் போய்விட்டது.

சொந்த ஊரில் ‘இன்னார் மகன்’ என்றால் போதும். நான்கு பேர் நமக்காகப் பேசுவார்கள். அயலூரில் நம் உழைப்புக்குச் சாட்சி அந்த ஒரு தாள்தான்.

நண்பர் என்ன செய்திருக்கலாம்? முதலில் விடுப்புக் கேட்டிருக்கலாம். கலங்கிய மனத்தோடு ராஜிநாமா எழுதுவதைவிட, பத்து நாள் விடுப்பில் இருந்து யோசிப்பது நல்லது. விலகுவதென்றே முடிவு செய்தால், நியமன உத்தரவை எடுத்துப் பார்க்க வேண்டும். முன்னறிவிப்பு ஒரு மாதமா, மூன்று மாதமா, அதற்கு ஈடாக ஊதியம் கட்டலாமா என்பவை அதில் இருக்கும். குடும்ப நெருக்கடியைச் சொல்லி, அக்காலத்தைக் குறைக்கவோ, மிஞ்சியுள்ள விடுப்பில் கழிக்கவோ கேட்கலாம். கேட்பதில் இழிவில்லை, கேளாமல் மறைவதே இழிவு.

கடிதம் சுருக்கமாக இருக்கட்டும். ‘என் பதவியினின்று விலகுகிறேன். விதிப்படி ஒரு மாத முன்னறிவிப்புத் தருகிறேன். இன்ன தேதி என் கடைசிப் பணிநாள். அன்று என்னை விடுவிக்க வேண்டுகிறேன்.’ இவ்வளவு போதும். மனக்குறைகளை அதில் கொட்ட வேண்டா. நேரில் கொடுத்தால் நகலில் தேதியுடன் கையொப்பம் பெறுங்கள். மின்னஞ்சலில் அனுப்பினால் பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

எழுதிக் கொடுத்தபின் மனம் மாறினால்? அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி சதீஷ் சந்திரா, ஆகஸ்டு 1 முதல் விலகுவதாக 1977 மே 7 அன்று குடியரசுத் தலைவருக்கு எழுதினார். ஜூலை 15 அன்று அதைத் திரும்பப் பெற்றார். அது செல்லும் என்று 1978-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குறித்த நாள் வருமுன் மீட்டுக்கொள்ளலாம் என்பதே அத்தீர்ப்பின் சாரம். ஆயினும் ஒவ்வோர் இடத்து விதியும் வேறுபடும். அந்த வழியை நம்பி அவசரப்படலாகாது.

அரசுப் பணியிலிருப்போர் மேலும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ராஜிநாமா வேறு, விருப்ப ஓய்வு வேறு. வெறும் ராஜிநாமாவினால் முந்தைய சேவைக் காலம் ஓய்வூதியக் கணக்கிலிருந்து கழிந்துபோகக் கூடும். வேறோர் அரசுப் பதவிக்குச் செல்வதாயின், உரிய அனுமதி பெற்று, அக்காரணத்தைக் கடிதத்திலேயே குறிப்பிடுங்கள்.

இனி, நமக்கு வரவேண்டியவை. 2019-இல் இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, தனியார் நிறுவனங்களில் ராஜிநாமா செய்தவரின் பாக்கி ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். ஐந்தாண்டு தொடர்ந்து பணியாற்றியவருக்கு, ஆண்டுக்கு 15 நாள் ஊதியம் வீதம் பணிக்கொடை உண்டு. வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் நீங்கள் விலகிய நாள் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். புதிய வேலைக்குச் சென்றால் பணத்தை எடுத்துவிடாமல் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். அதன் ஓய்வூதியத்துக்கு 10 ஆண்டுச் சேவை வேண்டும். இடையில் எடுத்துச் செலவழித்தால் சேர்த்த ஆண்டுகளும் போகும்.

கடைசியாக ஒன்று. முன்னறிவிப்புக் காலம் வெறுமனே நாளைக் கழிப்பதற்கு அன்று. கோப்புகளையும் சாவிகளையும் அடுத்தவரிடம் ஒப்படைத்து, பாதியில் நிற்கும் வேலைகளைக் குறிப்பெழுதி வையுங்கள். நாம் விட்டுச் செல்லும் மேசைக்கு நாளை நம்மூர்ப் பிள்ளை ஒருவன் வரலாம். ‘உங்கள் ஊர்க்காரர் ஒருவர் முன்பு இங்கே இருந்தார்; நல்ல மனிதர்’ என்று அவன் காதில் விழும்படி விடைபெறுவோம்.