விருந்தும் வரிசையும்



லடாக்கில், ஹெமிஸ் தேசியப் பூங்காவினுள் ரும்பாக் என்றொரு மலைச்சிற்றூர் உண்டு. 2000-களின் தொடக்கம் முதல் அவ்வூர்க் குடும்பங்கள் பயணிகளை முறைவைத்துத் தம் இல்லங்களில் தங்கவைக்கின்றன; ஆதலால் வருவாய் ஒரே வீட்டில் தேங்குவதில்லை. ஆடுகளைக் கொல்லும் பனிச்சிறுத்தையைக் காணவே பலர் வருவதால், அவ்விலங்கின் மீதிருந்த பகையும் தணிந்தது. அயலாரை அடுப்பறையில் அமர்த்தி, வெண்ணெய்த் தேநீர் தருவர்.

ஆயின், அதே லடாக்கில் இசைவாணரான மோன், பேடா மக்களுக்கும், கொல்லரான காரா மக்களுக்கும் வரிசையின் கடைசி இடமே மரபாகத் தரப்பட்டு வந்தது. தேநீர்க் கடையின் இரட்டைக் குவளையை அறிந்த நமக்கு இது புதிதன்று.

இளைஞர்களே! மலையூர்களுக்குச் செல்லுங்கள், விருந்தோம்பலைப் போற்றுங்கள். ஆனால், கடைசி இடத்தில் அமர்ந்திருப்பவர் யார் என்றும் பாருங்கள். அவரருகே சென்று அமருங்கள். கற்றவர் கடமை அதுவே.