சிலுவைப் போரும் சோழமண்டலக் கரையும்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்து வரலாற்று ஆசிரியர்களும் ஆய்வு மாணவர்களும் திரளாகக் கூடியிருக்கும் கருத்தரங்கு இது.

1095இல் போப் இரண்டாம் அர்பன் விடுத்த அழைப்பில் சிலுவைப் போரைத் தொடங்கி, 1291இல் ஆக்கர் வீழ்ந்ததோடு முடித்துவிடுகின்றன நம் பாடநூல்கள். அந்த முடிவை நான் ஏற்கவில்லை. டெம்ப்ளர் என்னும் போர்த்துறவியர் சபை கலைக்கப்பட்ட பின், போர்ச்சுகலில் அதன் சொத்துகளைக் கொண்டு 1319இல் கிறிஸ்து சபை எழுந்தது. அந்தச் சபையின் சிலுவையைப் பாய்களில் தாங்கிய கப்பல்கள் 1498இல் கோழிக்கோட்டை அடைந்தன. 1502இல் மெக்காவிலிருந்து திரும்பிய யாத்திரிகர் கப்பலொன்றை, உள்ளே பெண்களும் குழந்தைகளும் இருக்கையிலேயே, வாஸ்கோடகாமா எரித்தார். பாலஸ்தீனத்துப் பகை நம் கடலுக்கு வந்த விதம் இது.

ஆனால் இங்கே வந்ததும் அதன் முகம் மாறியது. முத்துக்குளித்துறையில் பரதவருக்கும் இஸ்லாமிய வணிகருக்கும் மூண்ட சண்டை, ஒரு பரதவரின் காதணியைப் பிடுங்கிக் காதை அறுத்ததில் தொடங்கியது என்பது மரபு. அடிப்படை வழக்கோ, முத்துக்குளிக்கும் உரிமை யாருக்கு என்பதே. பாதுகாப்புத் தேடிய பரதவர் கொச்சியில் இருந்த போர்த்துகீசியரிடம் தூது அனுப்பினர். 1530களின் நடுவில் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றனர். 1538இல் வேதாளையில், மரைக்காயர் எனப்பட்ட இஸ்லாமியக் கடல் வணிகரின் படையைப் போர்த்துகீசியர் முறியடித்தனர். அந்த மரைக்காயருக்குப் பின்பலமாக நின்றவர் கோழிக்கோட்டுச் சாமூதிரி, ஓர் இந்து மன்னர். பறங்கியர் எனப்பட்ட போர்த்துகீசியருக்கு எதிராக முஸ்லிம்களைப் போருக்கு அழைத்து அரபியில் நூல் எழுதிய சைனுத்தீன் மக்தூமும் சாமூதிரியைப் போற்றியே எழுதினார். இதை இரு மதங்களின் போர் என்று மட்டும் எழுதுவது அரைகுறை வரலாறு.

நம் செஞ்சிக்கு வருவோம். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த இயேசு சபைப் பாதிரியார் பிமெண்டா, லிஸ்பன் நீங்கலாகப் போர்ச்சுகலின் எந்த நகரையும் விடச் செஞ்சி பெரிது என்று எழுதினார். அவரை வரவேற்ற செஞ்சி அரசர் கிருஷ்ணப்ப நாயக்கரின் ஆட்சிக்குட்பட்ட பரங்கிப்பேட்டையில் பறங்கியரும் தொழில் செய்தனர். முஸ்லிம் வணிகரும் தொழில் செய்தனர். துறைமுக வருவாய் வேண்டிய அரசருக்கு இருவருமே தேவைப்பட்டனர். செஞ்சிக் கோட்டைக்குள் இன்று வேங்கடரமணர் கோயிலும் சதத்துல்லாகான் பள்ளிவாசலும் ஒரே மதிலுக்குள் நிற்கின்றன.

அதற்காகக் கொடுமையே நடக்கவில்லை என்று பூசி மெழுகச் சொல்லவில்லை. எரிந்த கப்பல் எரிந்ததுதான். தூத்துக்குடிப் பனிமய மாதா தேரை இழுக்கும் பரதவ மக்களின் சமய வாழ்வு அந்தப் பூசலின் வழியே பிறந்தது. 400 ஆண்டு கடந்தும் அவர்கள் அதை விடவில்லை. அச்சத்தில் ஏற்ற மதம் என்று எளிதாகச் சொல்லி அவர்களைச் சிறுமைப்படுத்துவதும் தவறு.

எனவே இளம் ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். வென்றவர் லிஸ்பனுக்கு அனுப்பிய கடிதங்களை மட்டும் நம்பி எழுதாதீர்கள். அரபித் தமிழ் ஏடுகளையும், கடலோரப் பள்ளிவாசல், தேவாலயப் பதிவேடுகளையும், செஞ்சியின் பாரசீகக் கல்வெட்டுகளையும் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். மரக்காணம் முதல் பரங்கிப்பேட்டை வரையுள்ள கரை உங்கள் வீட்டு வாசலில் இருக்கிறது. அடுத்த கருத்தரங்கிற்குள் அங்கிருந்து ஒரு புதிய ஆவணத்தையாவது கொண்டு வாருங்கள்.