பட்டறிவுத் தோழர்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டுதோறும் இவ்விழாவில் இலக்கியப் பொருள் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் எம்மைப் பணிப்பது வழக்கம். இவ்வாண்டு யாமே வேறொரு பொருளை வேண்டிப் பெற்றோம். மனநோயால் வருந்தும் இளைஞர்க்கு, அத்தகைய நோயைத் தாமும் உற்று மீண்டவர் துணை நிற்கும் பணியே அப்பொருள். மேனாட்டார் இதனைப் 'பியர் சப்போர்ட்' என வழங்குவர். இப்பணி செய்வாரை யாம் 'பட்டறிவுத் தோழர்' எனக் குறிப்போம். பட்டு அறிந்தது பட்டறிவு. நூலறிவினும் கேள்வியறிவினும் அது வேறானது என்பதை அச்சொல்லே காட்டும்.

இதனைப் பேச எமக்கு யாது உரிமை என்று நீங்கள் வினவக்கூடும். விடையை முதற்கண்ணே கூறிவிடுகின்றோம். யாம் புலவர் வகுப்பிற் பயின்ற காலத்து, 20 ஆம் வயதில், கடுமையான மனச்சோர்வு நோய்க்கு ஆளானோம். உறக்கம் ஒழிந்தது; உணவு வேம்பாயிற்று; ஒரே பாடலைப் பன்முறை படித்தும் பொருள் மனத்தில் ஏறவில்லை. ஆசிரியர் இதனைச் சோம்பல் என்றனர். வீட்டார் கண்ணேறு என்று கருதிக் கழிப்புக் கழித்தனர். விடுதியில் எமக்கு இரண்டாண்டு மூத்த மாணவர் ஒருவர் மட்டும் ஓரிரவு எம்மருகில் வந்தமர்ந்து, "தம்பி, எனக்கும் இப்படித்தான் இருந்தது. மருந்து சாப்பிட்டேன், இப்போது நன்றாக இருக்கிறேன். நாளைக் காலையில் உன்னோடு நான் வருகிறேன்" என்றார். அவ்வளவே. மறுநாள் அரசு மருத்துவமனையில் புறநோயாளிச் சீட்டுக்கான வரிசையில் எம்மோடு நின்றார். அவர் அச்சொல்லைச் சொல்லுமளவும், இவ்வுலகில் எமக்கு மட்டுமே இப்படி நேர்ந்தது என்று எண்ணியிருந்தோம். எம்மைத் தேற்றியது மருந்தே. ஆயின் மருந்தின் வாயில் வரை எம்மைக் கொண்டுசென்றது அவர் சொல்.

நிற்க. இத்தகைய தோழமை நம் இலக்கியத்திற்குப் புதியதன்று. அகப்பொருள் நூல்களில் வரும் தோழியை நினைமின்கள். தலைவியின் மேனி மெலிகின்றது, வளை கழல்கின்றது, உணவும் விளையாட்டும் அவளுக்குக் கசக்கின்றன. பெற்ற தாயும் வளர்த்த செவிலியும் அன்பிற் குறைந்தவரல்லர். எனினும் காரணம் அறியாமையின், கட்டுவிச்சியை அழைத்துக் குறி கேட்பர். வேலனை அழைத்து வெறியாட்டு அயர்வர். உண்மை அறிந்தவள் தோழி ஒருத்தியே. அவள் ஒத்த பருவத்தினள், உடன் உண்டவள், உடன் ஆடியவள். ஆதலின் தாயிடம் கூற நாணுவதைத் தலைவி அவளிடம் கூறுவாள். தோழியோ அம்மறையைப் பிறர் அறியாவாறு காப்பாள். ஆயின் தலைவியின் உயிர்க்கு இடர் நேரும் என்று கண்டவிடத்து வாளா இராள். உரியவர்க்கு உரிய முறையில் உண்மையை எடுத்துரைப்பாள். இதனையே தொல்காப்பியர் அறத்தொடு நிற்றல் என்றார். காதல் நோயும் மனநோயும் ஒன்றென்று யாம் கூறவில்லை. அருகிருத்தல், மறை காத்தல், உயிர்க்கு இடர் வரின் உரைத்தல் ஆகிய மூன்றும் பட்டறிவுத் தோழர்க்கும் உரிய கடமைகள் என்பதே எம் கருத்து.

பிற நாட்டார் இதனைக் கண்ட வரலாறும் அறியத்தக்கது. பிரெஞ்சு நாட்டில் பாரிசு நகரை அடுத்த பிசேத்திர் மருத்துவமனைக்குக் கண்டமாலை நோயுடன் வந்து, நலம் பெற்று, அங்கேயே பணியில் அமர்ந்தவர் பூசேன் என்பார். மனநோயாளர் பகுதி அவர் பொறுப்பில் வந்தது. அந்நோயினின்று தேறியவர்களையே அவர் பணியாளராக அமர்த்திக்கொண்டார். தாம் துன்புற்றவர் பிறரைத் துன்புறுத்தார் என்பது அவர் கண்ட உண்மை. 1793 இல் அங்கு வந்த பினெல் என்னும் பெருமருத்துவர் அவரிடம் பலவற்றைக் கற்றார். 1797 இல் அப்பகுதி நோயாளரின் சங்கிலிகளை நீக்கியவர் பூசேனே. அமெரிக்காவில் கிளிபோர்டு பியர்சு என்பார், தாம் மனநோயுற்று மருத்துவமனைகளிற் பட்ட துயரை 1908 இல் நூலாக எழுதி, மறு ஆண்டே மனநலம் காக்கும் தேசியக் குழு ஒன்று தோன்றக் காரணமானார். அந்நாட்டின் ஜார்ஜியா மாநிலம் 1999 இல் இத்தகைய துணைப்பணிக்கு அரசின் மருத்துவ நிதியிலிருந்தே பணம் பெற வழி கண்டது. ஆஸ்திரேலியாவில் 2006 இல் தொடங்கிய 'ஹெட்ஸ்பேஸ்' என்னும் மனநல நிலையங்கள் 12 முதல் 25 வயது வரையுள்ளார்க்கு உரியன. அவற்றுள் பலவற்றில், நோயுற்று மீண்ட இளைஞர் ஊதியம் பெற்றுத் தோழராகப் பணிபுரிகின்றனர்.

அங்கே 1797 இல் நீங்கிய சங்கிலி நம் நாட்டில் என்று நீங்கியது? 2001 ஆகஸ்டு 6 ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பற்றியபொழுது, சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் மாண்டனர். அந்தோ! அவர்கள் அனைவரும் ஏதோ ஒரு வீட்டின் பிள்ளைகளல்லரோ? 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளரைச் சங்கிலியாற் பிணித்தலை முற்றும் விலக்கியுள்ளது. நோயாளரின் மறை காக்கப்படல் அவர் உரிமை என்கின்றது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்துக்கு உட்பட்டவராகவே கொண்டு, அவரைப் பேணும் கடமையை அரசின்மேல் வைக்கின்றது. சட்டம் வந்துவிட்டது. நம் மனத்திலுள்ள சங்கிலியோ இன்னும் அறவில்லை.

இது யாரோ சிலரைப் பற்றிய பேச்சு என எண்ணற்க. மனநோய்களிற் பாதி, 14 வயதிற்குள்ளேயே தலைகாட்டுவதாக உலக சுகாதார நிறுவனம் கூறியுள்ளது. 2015-16 இல் நிகழ்ந்த தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுடைய நம் நாட்டுப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ எழுவர் மனநோயுற்றிருக்கக் கண்டது. எம் வகுப்பில் நாற்பது மாணாக்கர் உளர். யாம் வருகைப் பதிவேட்டைத் திறக்குந்தோறும் அக்கணக்கு எம் நெஞ்சில் எழுகின்றது.

இனிப் பட்டறிவுத் தோழர் செய்வது யாது, செய்யாதது யாது என்பதைக் கூறுவோம். அவர் மருத்துவர் அல்லர், நோய்க்குப் பெயரிடார், மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ சொல்லார். அறிவுரை கூறுவதினும் செவி கொடுப்பதே அவர்க்கு முதல் வேலை. தம் கதையைச் சொல்லுவார். ஆயின் கேட்பவனுக்குப் பயன்படும் அளவே சொல்லுவார். ஏனெனின், தம் துயரை முழுதும் இறக்கி வைப்பாராயின், துணை வேண்டி வந்தவனே துணையாக நேரும். மருத்துவமனைக்கு உடன் செல்லுவார். மருந்தால் வாய் உலர்ந்தும் உறக்கம் மிகுந்தும் வருந்துவானாயின் அதனை மருத்துவரிடம் தானே கூறுமாறு அவனை ஊக்குவார். இடைநின்ற படிப்பிற்கு மீளுங்கால் முதல் நாள் கல்லூரி வாயில் வரை உடன் நடப்பார். கேட்டதைப் பிறரிடம் உரையார். ஆயின் உயிர்க்கு இடர் உண்டென்று கண்டால் அன்றே மருத்துவர்க்கும் வீட்டார்க்கும் தெரிவிப்பார். இவ்வரம்பை முதல் நாளிலேயே அவனிடம் சொல்லியும் வைப்பார். இவற்றிற்குப் பயிற்சி வேண்டும். மனநல மருத்துவர் ஒருவரின் மேற்பார்வை வேண்டும். தமக்கே சோர்வு வருங்கால் விலகி ஓய்வு கொள்ள இடமும் வேண்டும். இதன் பயனையும் மிகைப்படுத்த மாட்டோம். நோயின் குறிகளைத் தணிப்பதில் இப்பணியின் பயன் சிறிதென்றே ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. மீள்வோம் என்னும் நம்பிக்கையையும், தன் வாழ்வைத் தானே நடத்தலாம் என்னும் துணிவையும் வளர்ப்பதிலேயே இது சிறந்து நிற்கின்றது. மருந்திற்கு ஈடாக அன்று, மருந்தோடு கூடவே இது வேண்டப்படுவது.

நிற்க. யாம் இவ்வளவு கூறியும், இன்னும் கூறாதது ஒன்றுண்டு. யாம் நோயுற்றதை எம் வீட்டார் மஞ்சட் காமாலை என்று உறவினர்க்குச் சொல்லினர். அவர்களைக் குறை கூறோம். எம் தங்கை அப்பொழுது வளர்ந்து வரும் பெண். நான்காண்டு கழிந்தது. எம் தெருவிலேயே, நம் உறவிலேயே, 19 வயதுப் பிள்ளை ஒருவன் படிப்பை விட்டு வீடு திரும்பினான். எமக்கு நேர்ந்த அக்குறிகளே அவனிடம் இருந்தன. கண்ட அளவில் உணர்ந்தோம். 'எனக்கும் இப்படித்தான் இருந்தது' என்ற சொல் எம் நாவின் நுனியில் நின்றது. அவ்வாரம் எம் தங்கையைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அச்சொல்லை விழுங்கினோம். எம் தங்கை நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட்டாள். அப்பிள்ளையோ பதினோராண்டு பின்கட்டு அறையிற் கழித்தான். அதன் பின்னரே மருத்துவம் பெற்றான். இன்று தேறி, தொழில் செய்து வாழ்கின்றான். அவன் இசைவு பெற்றே, பெயர் கூறாது, இதனை உரைக்கின்றோம். எம் தங்கைக்குக் கொடுத்த சீரில், கணக்கில் எழுதாத சீர் ஒன்று உண்டு. அஃது அப்பிள்ளையின் பதினோராண்டு.

சென்ற மாதம் எம் தங்கையின் கணவரிடம் இதனைக் கூறினோம். "மச்சான், அன்றைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார். சொல்லியிருந்தால் திருமணம் நடந்திருக்குமா என்று வினவினோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்து, "என் தகப்பனார் சம்மதித்திருக்க மாட்டார்" என்றார். அவர் பொய் சொல்லாதவர். அவ்விடையே எம்மை இம்மேடைக்குக் கொணர்ந்தது.

பெரியோர்களே! பட்டறிவுத் தோழரை விலைக்கு வாங்க இயலாது. வேற்றூரிலிருந்து வரவழைத்தலும் அரிது. அவர் நம் வீடுகளிலேயே இருக்கின்றார். நோயுற்று, மீண்டு, வாய் திறவாது இருக்கின்றார். அவர் வாய் திறந்தால் தம்பிக்குப் பெண் கிடையாது, தங்கைக்கு வரன் அமையாது என்று நாமே அவர் வாயைக் கட்டியிருக்கின்றோம். நம் மானத்தைக் காப்பதாக எண்ணி, அடுத்து நோயுறும் பிள்ளையின் துணையை நாம் பறிக்கின்றோம்.

ஆதலின் சங்கத்தார் முன் மூன்று விண்ணப்பங்களை வைக்கின்றோம். முதலாவது, நம் வீட்டுத் திருமணப் பேச்சில், மனநோயுற்று மருத்துவத்தால் தேறியவர் என்ற ஒரே காரணம் பற்றி ஒரு குடும்பத்தை விலக்கும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும். மணமக்கள் தம்முள் உண்மையை மறையாது கூறிக்கொள்ளும் வழக்கமும் உடன் வரவேண்டும். இரண்டாவது, கல்வி உதவி நிதியில் ஒரு பகுதியை ஒதுக்கி, தாமே விரும்பி முன்வரும் இளைஞர் சிலர் தகுந்த மருத்துவர் மேற்பார்வையில் இப்பணிக்குப் பயிற்சி பெற உதவுதல் வேண்டும். சென்னையில் மருத்துவர் சாரதா மேனன் அம்மையார் முதலானோர் 1984 இல் தொடங்கிய 'ஸ்கார்ஃப்' போன்ற அமைப்புகளிடத்தும், நம் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் நம் செயலாளர் வழி கேட்கலாம். முன்வருவாயாக என்று எவரையும் வற்புறுத்தல் ஆகாது. மறை வெளியிடுதல் உற்றவர் உரிமையே அன்றி நம் உரிமையன்று. மூன்றாவது, நம் சங்க விடுதியின் சுவரில் 14416 என்னும் எண்ணை எழுதி வைக்க வேண்டும். 2022 அக்டோபர் 10 ஆம் நாள் அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' என்னும் மனநலத் தொலைபேசி உதவியின் எண் அது, தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

தாய்மார்களே! உங்கள் பிள்ளை உறக்கம் இழந்து, உணவு வெறுத்து, நண்பரை விட்டு விலகி, சில வாரங்களாக வேறொருவனைப் போல் காணப்பட்டால், சோம்பேறி என்று வையாதீர்கள். அருகில் அமருங்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

இளைஞர்களே! உங்களுள் இன்றும் அத்துயரில் இருப்பவர் ஒருவர் இவ்வவையின் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கலாம். அவர்க்கே இதனைக் கூறுகின்றோம். தம்பி, எமக்கும் இப்படித்தான் இருந்தது. மருத்துவம் பெற்றோம், இன்று நன்றாக இருக்கின்றோம். விழா முடிந்தபின் பந்தலின் மேற்புறத்தில் யாம் நிற்போம். நீ வந்தால், நாளைக் காலையில் உன்னோடு வருவோம்.

இருபதாண்டுக்கு மேலாகச் சொல்லாது விழுங்கிய சொல்லை இன்று சொல்லினோம்.