கோரமண்டலும் ஹார்லெமும்

முன்னாளில் பௌரிங்பேட்டை என வழங்கிய பங்காருப்பேட்டையிலிருந்து மாரிகுப்பம் செல்லும் ரயில் தடத்தில் கோரமண்டல் என்றொரு நிலையம் உண்டு. சோழ மண்டலம் என்னும் நமது பழம்பெயரே ஐரோப்பியர் நாவில் அவ்வாறு திரிந்தது. கடற்கரைக்கு உரிய அப்பெயர், கடலையே காணாத மைசூர் மேட்டுநிலத்துத் தங்கவயலில் ஒரு பகுதிக்குச் சூட்டப்பட்டது. அங்கே நிலத்தைக் குடைந்தவருள் பெரும்பாலோரும் தமிழரே. வடஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து மேஸ்திரிகளின் பின்னே நடந்து வந்த ஆதிதிராவிடக் குடும்பத்தினர் அவர்கள்.

அமெரிக்க நாட்டின் 1920களைத் திரும்பிப் பார்க்கையில் இவ்வூர் ஏன் நம் நினைவுக்கு வருகிறது என நேயர்கள் வியக்கக்கூடும். அப்பத்தாண்டு என்றவுடன் ஜாஸ் இசையும் மோட்டார் வண்டியும் பேசும் படமும் கூறப்படுவது வழக்கம். நாம் அவற்றை விட்டுவிடுவோம். அதே காலத்தில் தென் மாநிலங்களின் பருத்தி வயல்களை விட்டு, லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் வடக்கு நகரங்களுக்குக் குடியேறினர். நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியில் அவர்கள் ஏடுகள் நடத்தினர், கவிதை இயற்றினர், தம்மைத் தாமே புதிதாக வரையறுத்துக் கொண்டனர். டூபாய்ஸ் நடத்திய 'கிரைசிஸ்' இதழும், 1925இல் அலைன் லாக் தொகுத்த 'புதிய நீக்ரோ' என்ற நூலும் அதன் சான்றுகள். அக்காலத்தை இன்று ஹார்லெம் மறுமலர்ச்சி எனச் சரித்திரம் போற்றுகிறது.

தங்கவயலிலும் அப்போது ஒரு மறுமலர்ச்சி நிகழ்ந்தது. அதற்குத்தான் எவரும் பெயர் சூட்டவில்லை.

அதன் வித்து சென்னையில் ஊன்றப்பட்டது. ஊன்றத் துணைநின்றவருள் ஓர் அமெரிக்கர் இருந்தார் என்பது விந்தை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் பணியாற்றிய கர்னல் ஆல்காட், பின்னாளில் அடையாறுக்கு வந்து, தாழ்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் நிறுவியவர். 1898இல் அவரது துணையோடு இலங்கை சென்று பௌத்தம் தழுவிய அயோத்திதாசப் பண்டிதர், சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை அமைத்தார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழைத் தொடங்கினார். அச்சங்கத்தின் கிளை மாரிகுப்பத்திலும் தழைத்தது. 1914இல் பண்டிதர் மறைந்தார். பின்னர் நின்றுபோன 'தமிழன்' 1926இல் மீண்டும் உயிர்பெற்றது. சென்னையில் அன்று, தங்கவயலின் சாம்பியன் ரீஃப்ஸில்! ஆசிரியர் ஜி. அப்பாதுரையார்.

இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். மூங்கில் தட்டி வீடுகளில் வாழ்ந்து, நிலத்தடி வெப்பத்திலும் பாறை வெடிப்பின் அச்சத்திலும் வேலை செய்த மக்கள், தலைநகரத்தால் தாங்க முடியாத ஓர் ஏட்டைத் தாங்கினர். தமிழகத்திற்கு வெளியே இருந்தவர்களே தமிழகத்தின் அறிவு வாழ்வை ஊட்டினர். 1930களின் நடுப்பகுதி வரை அவ்விதழ் நடைபெற்றது. 1925இல் தொடங்கிய 'குடி அரசு' ஏட்டின் சுயமரியாதைக் கருத்துக்களோடும் தங்கவயல் பௌத்தர் உறவு கொண்டனர். பிறந்த ஊரில் வாய்திறக்க அஞ்சியவன், குடிபெயர்ந்த ஊரில் மேடை ஏறுகிறான். இது ஹார்லெமுக்கும் பொருந்தும், தங்கவயலுக்கும் பொருந்தும். ஆனால் குடிபெயர்வு மட்டுமே மனிதனை விடுவித்துவிடும் என்று கூறுவது மிகை. தங்கவயலின் நிலத்தடியிலும் மேலதிகாரம் வெள்ளையர் கையில்தான் இருந்தது.

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. ஹார்லெமின் அச்சகங்களும் அரங்குகளும் வாடின. தங்கத்தின் கதையோ வேறு. 1931இல் பிரிட்டன் தங்க நாணய முறையைக் கைவிட்டது. 1934இல் அமெரிக்கா அவுன்ஸ் ஒன்றின் விலையை 20.67 டாலரிலிருந்து 35 டாலராக உயர்த்தியது. உலகெங்கும் ஆலைகள் அடைபட, தங்கம் தோண்டுவோர்க்கு மட்டும் வேலை இருந்தது. அந்த விலையேற்றத்தில் தொழிலாளியின் பங்கு எவ்வளவு என்பது கேட்கத் தகுந்த கேள்வியே.

அவன் கேட்கக் கற்றுக்கொண்டிருந்தான். 1930இல் தொழிலாளர் அனைவரின் கைரேகையையும் பதிந்து பதிவேடு வைக்கும் ஏற்பாடு வந்தது. ஓரிடத்தில் நீக்கப்பட்டவன் வேறெந்தச் சுரங்கத்திலும் தலைகாட்ட முடியாமற் போகும் அன்றோ? குற்றவாளியிடம் வாங்குவதை உழைப்பாளியிடம் வாங்குவதா என்ற சினமும் சேர்ந்தது. முறையான தொழிற்சங்கம் ஏதும் வேரூன்றாத அந்நாளில் சுரங்கங்கள் 21 நாட்கள் நின்றன. ஏடு படித்த பழக்கம்தான் இதற்குக் காரணம் என நாம் அறுதியிட மாட்டோம். ஆயினும் ஒருவர் படிக்கப் பலர் கேட்கும் பழக்கமுள்ள ஊரில், செய்தி பரவத் தலைவன் ஒருவன் வேண்டியதில்லை.

பின்னர் நடந்தவை விரைவில் கூறத்தக்கவை. 1956இல் மைசூர் அரசும், 1962இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 3 கிலோமீட்டருக்கும் கீழே சென்ற அச்சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. சயனைடு மேடுகள் நிற்கின்றன. இளைஞர் பலர் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர்.

ஹார்லெமின் ஏடுகளை அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பேணுகின்றன. நமது 'தமிழ'னைப் பேணியவர் பெரும்பாலும் தனி அன்பர்களே. சாம்பியன் ரீஃப்ஸின் சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் எழுத்துக்களைச் சிறு நூல்களாக அச்சிட்டு வந்தது. 1999இல் ஞான அலாய்சியஸ் அவற்றைப் பெருந்தொகுதிகளாகப் பாளையங்கோட்டையிலிருந்து வெளிக்கொணர்ந்தார். பண்டிதர் எழுதியவை அவ்வாறு மீண்டன. அப்பாதுரையார் காலத்து இதழ்களில் எத்தனையோ தங்கவயல் வீட்டுத் தகரப் பெட்டிகளில் இன்னும் கிடக்கக்கூடும். அவ்வழி வந்த குடும்பத்தார் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், பெட்டியைத் திறந்து பார்க்குமாறு வேண்டுகிறோம்.