கதவு அடைபடலாம், கல்வி அடைபடலாமா?

தோழர்களே!

கொள்ளைநோய் ஓலை அனுப்பிவிட்டு வருவதில்லை. 1665-இல் இங்கிலாந்தில் பிளேக் பரவியபோது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் கதவடைத்தது. ஊர் திரும்பிய நியூட்டன், ஒளியையும் ஈர்ப்பையும் ஆராய்ந்தார். "பார்த்தீர்களா, பல்கலைக்கழகம் மூடினாலும் அறிவு வளரும்!" என்று பேசுவோர் உண்டு. அவர்களைக் கேட்கிறேன்: நியூட்டனுக்கு ஊரில் நிலபுலம் இருந்தது, ஓய்வு இருந்தது, பட்டமும் முன்னமே கைக்கு வந்திருந்தது. ஓட்டைக் குடிசையில் ஐவரோடு ஒண்டியிருந்த நம் வீட்டு முதல் தலைமுறை மாணவனுக்கு என்ன இருந்தது?

2020 மார்ச்சில் நம் கல்லூரிகள் மூடப்பட்டன. மூடியதைக் குறை கூறேன், உயிர் பெரிது. ஆனால், "இணைய வழியே பாடம்" என்றார்களே, அந்த வழி எவர் வீட்டு வாசல்வரை வந்தது? 2017-18-ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வு முன்னமே சொல்லிற்று: இந்தியாவில் நூறு குடும்பங்களுள் இணைய வசதி பெற்றவை ஏறத்தாழ 24; சிற்றூர்களிலோ 15. கணக்கு கையில் இருந்தது, திட்டந்தான் இல்லை!

தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவர் 9 இலட்சத்து 69 ஆயிரம் பேருக்கு நாள்தோறும் 2 ஜி.பி. இணைய வசதி இலவசம் என்ற அறிவிப்பு, 2021 ஜனவரியில் வந்தது. நல்ல செயல்தான். எனினும், கதவடைத்துப் பத்துத் திங்கள் கழிந்தபின் வந்த செயல். பந்தி முடிந்தபின் இலை போடுவதை விருந்து என்பதா?

தேர்வின் கதை என்ன? இறுதியாண்டுத் தேர்வைச் செப்டம்பருக்குள் நடத்தி முடிக்குமாறு 2020 ஜூலையில் பல்கலைக்கழக மானியக் குழு கூறியது. தேர்வு கட்டாயம், வேண்டுமாயின் மாநிலங்கள் தவணை கேட்கலாம் என்று ஆகஸ்ட் 28-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. காஷ்மீரத்திலும் கன்னியாகுமரியிலும் நோய் ஒரே நாளில் ஏறி, ஒரே நாளில் இறங்குமா? நாள் குறிக்கும் உரிமை, நிலைமையை நேரில் காண்பவரிடம் இருத்தல் வேண்டும்.

ஆகவே சொல்கிறேன்: திட்டம், நோயில்லா நாளிலேயே எழுதப்பட வேண்டும். கைப்பேசியோ கணினியோ இல்லாதவர் யார் என்ற பட்டியல், சேர்க்கையின்போதே ஆயத்தமாக வேண்டும். அவர்களுக்கு அச்சிட்ட பாடங்கள் அஞ்சலில் செல்ல வேண்டும். நோய் தணிந்த ஊர்களில், நூலகங்களில் இடைவெளிவிட்டு அமர்ந்து பயில இடம் வேண்டும். அமிலம் நிறம் மாற்றுவதைக் கைப்பேசித் திரையில் கற்றுவிட முடியாது. இழந்த ஆய்வுக்கூட நாட்களை ஈடுசெய்யும் அட்டவணையும் வேண்டும்.

தோழர்களே! உங்கள் ஊர்க் கல்லூரிக்குச் செல்லுங்கள். "அந்தத் திட்டம் எங்கே?" என்று கேளுங்கள். இல்லையென்றால், எழுதப்படும்வரை கேளுங்கள். நோய் கதவை அடைக்கலாம். ஏழை மாணவனை வெளியே நிறுத்திவிட்டு அடைக்க நாம் விடோம்!