டிஸ்க் மேல் பழி போடாதீர்கள்

பழைய மடிக்கணினியில் வெளி ஹார்டு டிஸ்க் ஆமை வேகத்தில் ஓடினால், பெரும்பாலும் குற்றவாளி டிஸ்க் இல்லை, வழிதான். 2000-இல் வந்த யுஎஸ்பி இரண்டாம் பதிப்புக்கு ஏட்டில் நொடிக்கு 480 மெகாபிட். கைக்கு வருவது 35 மெகாபைட் அளவுதான். 100 ஜிபி நகலெடுக்க முக்கால் மணி நேரம் போய்விடும். சாதாரண டிஸ்க்கே இதைவிட இரண்டு மூன்று மடங்கு வேகமாகப் படிக்கும்.

ஆகவே முதலில், உள்ளே நீல நாக்கு தெரியும் துளையைத் தேடுங்கள். பெரும்பாலும் அதுதான் மூன்றாம் பதிப்பு. அதில் செருகியும் வேகமில்லையா? கேபிளின் டிஸ்க் பக்க முனை இரண்டாகப் பிரிந்து அகலமாக இருக்கிறதா பாருங்கள். பழைய போன் கேபிளும் அங்கே சமர்த்தாகப் பொருந்தும், ஆனால் வேகம் பழையதுதான். நீலத் துளையே இல்லையென்றால், "புதுக் கணினியே வாங்கிவிடலாமே" என்பார்கள். ஆனால் பக்கவாட்டில் எக்ஸ்பிரஸ்கார்டு துளை இருந்தால், அதில் செருகி மூன்றாம் பதிப்புத் துளை தரும் ஓர் அடாப்டர் போதும். மூன்றாம் பதிப்பின் முழு வேகம் வராது, உண்மைதான். சுழலும் டிஸ்க்குக்கு அது தாராளம். அங்கே மின்சாரம் மட்டும் போதாமல் போகலாம், எனவே தனி மின்இணைப்பு உள்ள அடாப்டராகக் கேட்டு வாங்குங்கள்.